குறிப்பு: இல்லை

பிலிகுண்டுலுவில் எனக்கு
ஆற்றைப் படிக்கும் வேலை.
மணிக்கொரு தரம் படியிறங்கி
வெள்ளைப் பட்டையில் எந்த எண்வரை நனைந்திருக்கிறதென்று பார்த்து
நோட்டில் எழுதிப் போனில் சொல்வேன்.
அந்த எண்ணை வைத்துக்கொண்டு
இரண்டு மாநிலங்கள் முறைத்துக்கொள்ளும்.
நோட்டின் கடைசிப் பத்தி ‘குறிப்பு’.
பதினோரு வருடமாய் அதில்
‘இல்லை’ என்றே எழுதி வருகிறேன்.

நாலாம் படியில் மட்டும்
யாரோ தினமும் எழுதிவிட்டுப் போனார்கள்.
கையகலப் பிசுபிசுப்பு,
செதில், முள், நொறுங்கிய நண்டோடு,
கருவாட்டையும் ஈர நாயையும்
ஒரே சாக்கில் கட்டிவைத்த வாடை.
கழுவிவிட்டேன்.
மறுநாளும் அதே படி.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வரும் நஸ்ரின்
தீக்குச்சியால் அதைப் புரட்டி வாசித்தாள்:
“கெளுத்தி. ஜிலேபி. இது தவளை எலும்பு.
கழுவாதீங்கண்ணா.
நீர்நாய்க்கு இதுதான் கதவு எண்.
யாரு வந்தா, ஆணா பெண்ணா,
எல்லாம் மோந்தே தெரிஞ்சுக்கும்.”
கொஞ்சம் கவரில் போட்டுப் பெயரும் தேதியும் எழுதினாள்.
என் படிக்கட்டின் பெயர்.

அப்புறம்தான் பார்க்கப் பழகினேன்.
விடியலில் ஐந்து தலைகள்
ஆற்றின் குறுக்கே வில்லாய் வளைந்து வரும்.
மடுவிலிருந்த மீனெல்லாம்
முழங்கால் தண்ணீருக்குத் தள்ளப்படும்.
திடீரென்று தலைகள் இருக்காது.
காதும் மூக்கும் உள்ளே மூடிக்கொள்ள,
கலங்கலில் கண் உதவாத இடத்தில்
மீசை போய் மீனின் நடுக்கத்தைத் தொடும்.
மேலே வந்ததும் தலையிலிருந்து தின்னத் தொடங்கும்,
கடக் கடக்கென்று,
அக்கரைவரை கேட்கும்படி.
பிறகு மணலில் புரண்டு துவட்டும்.
மேல்மயிர்தான் நனைந்திருக்கும்.
அடிமயிருக்குள்
ஆறு ஒரு சொட்டும் நுழைந்ததில்லை.

வலையைக் கிழிக்கிறதென்று பரிசல்காரர் சென்றாயன்
வாய்க்கு வந்தபடி திட்டுவார்.
திட்டிக்கொண்டே, ஐப்பசியில் ஒருநாள்,
“பொட்டைய நாலு நாளாக் காணமே” என்றார்.
நீர்மருது வேருக்கடியில் ஒரு பொந்து.
மற்றவை மீனோடு உள்ளே போய்
வெறும் வாயோடு திரும்பின.
உள்ளிருந்து கீச்சு, கண் திறக்காத கீச்சு.
கண்மட்டத்தில் கோடிழுத்துப் பார்த்தேன்:
பொந்தின் வாய், என் பட்டையில் ஏழு புள்ளி இரண்டு.

அந்த வாரமே செய்தி வந்தது.
மேலே அணைகள் திறந்தாயிற்று,
நாளை ராத்திரி இங்கே சேரும்.
மைக் கட்டிய ஜீப்
ஊட்டமலைவரை கத்திக்கொண்டு போனது:
பரிசல் ஓட்டாதே, துணி துவைக்காதே,
பாறையில் நின்று படம் எடுக்காதே.
எனக்கு எண் தெரியும், நேரம் தெரியும்.
வேருக்கடியில் போய் எந்த பாஷையில் சொல்ல?

பத்து மணி, ஐந்து புள்ளி எட்டு.
பதினொன்று, ஆறு புள்ளி மூன்று.
மழை இல்லை. நிலா இருந்தது.
அதுதான் கேவலமாக இருந்தது.
ஒரு மணிக்கு ஆறு புள்ளி ஒன்பது.
டார்ச்சில் இரண்டு கண்கள்,
அவற்றுக்குக் கீழே, பிடரியில் கவ்விய
வெளிறிய ஏதோ ஒன்று.
மேட்டுப் பாறை இடுக்கில் வைத்துவிட்டு ஓடிவந்தது.
இரண்டாவது. மூன்றாவது.
நான்காம் முறை பொந்தே இல்லை,
சுழல் மட்டும் இருந்தது.
அதில் இறங்கியது.
நான் எண்ண ஆரம்பித்தேன்.
எழுபதைத் தாண்டியதும் எண்ணப் பிடிக்கவில்லை.
வெளியே வந்தபோது
வாயில் ஒன்றுமில்லை.
நான்காவது குட்டி இருந்ததா,
மிச்சம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கத்தான் போனதா,
எனக்குத் தெரியாது.

இரண்டு மணி எண்ணைப்
பதினெட்டு நிமிடம் தாமதமாய்ச் சொன்னேன்.
காலையில் இன்ஜினியர் ஏனென்று கேட்டார்.
டார்ச் பேட்டரி தீர்ந்துபோச்சு சார் என்றேன்.
குறிப்பு: இல்லை.

ஒன்பதாம் நாள் வெள்ளம் வடிந்து
படிகள் சேற்றோடு எழுந்தன.
பதினோராம் படியில்
கையகலம், பச்சையாய், ஈ மொய்க்க.
துடைப்பத்தைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தேன்.
அந்தப் படியைத் தாண்டிக் காலை வைத்து
எண்ணைப் பார்க்க இறங்கினேன்.